வழியைக் கலைத்துவிட்டு மேசையிலிருந்து தொடங்கினேன்

பிரான்சின் பர்கண்டி பகுதியிலிருந்து இத்தாலியின் மொதெனா வரை காரில் போய், பேர்பெற்ற உணவகங்களில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் பல வருட ஆசை. வழியை வரைந்து, தங்கும் அறைகளையும் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் மேசை தேடினேன். லியோனில் எங்களுக்கு ஞாயிறும் திங்களும். நான் விரும்பிய இடங்களுக்கு அன்றுதான் விடுமுறை! பிரான்சில் இது சகஜம். ஆகஸ்டில் வாரக்கணக்கில் மூடுபவர்களும் உண்டு.

சரி என்று எல்லாவற்றையும் கலைத்தேன். ஒவ்வொரு உணவகத்தின் விடுமுறை நாளையும் ஒரு தாளில் எழுதினேன். மொதெனாவிலுள்ள ஒஸ்தேரியா பிரான்செஸ்கானா உணவகத்தில் இடம் கிடைப்பதுதான் கடினம். அந்தத் தேதியை முதலில் உறுதி செய்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டும் மோன் பிளாங்க் சுரங்கம் வழியாக ஆல்ப்ஸைக் கடக்கும் நாட்களாயின.

அடுத்தது ஒயின். இரு நாடுகளிலும் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். பர்கண்டியின் ஷாஞி ஊரில் மேசோன் லமெல்வாஸ் உணவகத்தில் தங்கும் அறைகளும் உண்டு என்பதால் இரவு உணவை அங்கே வைத்தோம். மற்ற ஊர்களில் மதியம்தான். பெரும்பாலும் விலையும் குறைவு. ஷாஞியில் சீஸ் வண்டி வந்தபோது கார் சாவி மாடி அறையில் கிடந்தது. எப்வாஸ் சீஸை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.