பிளாட்டினம் நானோ கேட்டலிஸ்ட் டெஸ்ட் பண்றப்போ எங்கெல்லாம் தப்பு நடக்குது

ஃப்யூவல் செல் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து கரண்ட் எடுக்கற செல்) எலக்ட்ரோடுக்கு கேட்டலிஸ்ட், அதாவது வினையை வேகப்படுத்தற பொருள், செய்ய ஆரம்பிக்கறவங்களுக்கு முதல்ல சொல்ல வேண்டியது ஆக்டிவிட்டி (அது எவ்வளவு வேகமா வேலை செய்யுதுங்கறது) பத்தி இல்ல, நெருப்பு பத்தி. கார்பன் மேல 2, 3 நானோமீட்டர் சைஸ்ல பிளாட்டினம் துகள் உக்காந்திருக்கற அந்த கருப்பு பவுடர் காஞ்சு கெடக்கும்போது அதுமேல நேரா ஐசோ புரோப்பனாலோ மெத்தனாலோ ஊத்தினா சட்டுனு பத்திக்கும். ஆல்கஹால் ஆவியையும் காத்துல இருக்கற ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கறதுல பிளாட்டினம் கெட்டிக்காரன், அதுக்குத்தானே நாம அதை வாங்குறோம். அதனால எலக்ட்ரோடு மேல சொட்டு விடறதுக்கு இந்த பவுடரை கலக்கி இங்க் தயார் பண்ணும்போது முதல்ல தண்ணி, பவுடர் முழுக்க நனைஞ்ச பிறகுதான் ஆல்கஹால், அப்புறம்தான் நஃபியான் (பவுடரை ஒட்ட வைக்கற, புரோட்டானை கடத்தற பாலிமர்). இந்த ஆர்டரை மாத்தவே கூடாது. பீக்கரை துடைச்ச டிஷ்யூவையும் அப்படியே குப்பைத்தொட்டில போடாதீங்க, தண்ணில நனைச்சு தனியா வைங்க.

இனி நம்பர் விஷயத்துக்கு வர்றேன். காரைக்குடி சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருந்து சென்னை வரைக்கும் இதே வேலையை செய்யற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு நான் அழுத்தி சொல்றது ஒன்னுதான். உங்க புது கேட்டலிஸ்டை தொடறதுக்கு முன்னாடி, கடைல வாங்கின சாதாரண பிளாட்டினம்-கார்பன் பவுடரை உங்க டெஸ்ட் செல்லுல, சுத்தற டிஸ்க் எலக்ட்ரோடு மேல பூசி, உங்க கையால ஓட்டி சரியான ரீடிங் வருதான்னு பாருங்க. 0.1 மோலார் பெர்குளோரிக் ஆசிட், ஆக்சிஜன் நிரப்பி, 1600 ஆர்பிஎம், செகண்டுக்கு 20 மில்லிவோல்ட் ஸ்கேன், இந்த கண்டிஷன்ல லிமிட்டிங் கரண்ட் (ஆக்சிஜன் வந்து சேர்ற வேகத்தால அதுக்கு மேல ஏற முடியாத கரண்ட்) ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5.7ல இருந்து 6 மில்லி ஆம்பியர் கிட்ட வரணும். அது 4.5லயே நின்னுடுச்சுன்னா ஃபிலிம் சரியில்ல, இல்ல ஆக்சிஜன் சரியா நிரம்பல. அதை சரி பண்ணாம மேல போய், இந்த மட்டமான ரீடிங்கை பேஸ்லைனா வச்சு "எங்க கேட்டலிஸ்ட் 5 மடங்கு பெட்டர்"னு எழுதறது, காலை கட்டிப்போட்ட ஆளோட ரேஸ் ஓடி ஜெயிச்ச மாதிரிதான். ரிவியூவர் கண்டுபிடிக்கலன்னாலும் அடுத்து அதை நம்பி வேலை செய்யப்போற ஸ்டூடண்டோட ரெண்டு வருஷம் வீணாப் போகும், அதுதான் எனக்கு வருத்தம்.

லிமிட்டிங் கரண்ட் சரியா இருந்தும் ஆக்டிவிட்டி மட்டமா வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் அழுக்குதான். கண்ணுக்கு தெரியற அழுக்கு இல்ல. குளோரைடு கொஞ்சூண்டு இருந்தாலே பிளாட்டினம் மேல போய் ஒட்டிக்கிட்டு ஆக்சிஜன் உக்கார இடம் குடுக்காது. கண்ணாடி செல்லை சோப்பு போட்டு கழுவறதெல்லாம் பத்தாது, ஆக்சிடைஸ் பண்ற ஆசிட்ல ராத்திரி முழுக்க ஊற வச்சு, அப்புறம் 18.2 மெகா ஓம் தண்ணில (அயனி எல்லாம் எடுத்த சுத்தமான தண்ணி) பல தடவை கொதிக்க வைக்கணும். வெறும் விரலால செல்லு உள்பக்கத்தை தொடக்கூடாது. ஆசிட்டும் உயர்ந்த ப்யூரிட்டி கிரேடா இருக்கணும்.

சில்வர்-சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸை (பொட்டென்ஷியலை ஒப்பிட்டு அளக்கற எலக்ட்ரோடு) அப்படியே உள்ள விடறதும் இதே கதைதான், அதுல இருந்து குளோரைடு மெதுவா கசியும், போதாததுக்கு உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய இருக்கற பெர்குளோரேட்டோட சேர்ந்து பொட்டாசியம் பெர்குளோரேட்டா படிஞ்சு முனையை அடைச்சுடும், பொட்டென்ஷியல் நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஹைட்ரஜன் ரெஃபரன்ஸ் வைக்கறதுதான் நல்லது. முடியலன்னா செல்லுலயே தடுப்பு போட்ட தனிப் பகுதில பிரிச்சு வச்சு, அதே ஆசிட்ல ஹைட்ரஜன் ஊதி கேலிபிரேட் பண்ணுங்க. அப்படி கேலிபிரேட் பண்ணாம pH பேப்பர் வச்சு 0.197 கூட்டல் 0.059 பெருக்கல் pHனு கணக்கு போடறவங்க 10 மில்லிவோல்ட் தப்பினாலே ஆக்டிவிட்டி 40 சதவீதம் போல மாறிடும். கரைசலோட ரெசிஸ்டன்ஸால போற வோல்டேஜை கழிக்காம விடறதும் அதே மாதிரி, 25 ஓம், 0.6 மில்லி ஆம்பியர்னா 15 மில்லிவோல்ட் போச்சு, அது மட்டுமே ஒன்றரை மடங்குக்கு மேல வித்தியாசம்.

பிளாட்டினமே இல்லாத இரும்பு-நைட்ரஜன்-கார்பன் கேட்டலிஸ்ட் செய்யறவங்க கவுண்டர் எலக்ட்ரோடா (கரண்ட் சுத்தி வர்றதுக்கு எதிர்ல வைக்கற எலக்ட்ரோடு) பிளாட்டினம் கம்பி வைக்கவே வைக்காதீங்க. ஸ்டெபிலிட்டி டெஸ்ட் ஆயிரக்கணக்கான சைக்கிள் ஓடும்போது அந்த கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு உங்க கேட்டலிஸ்ட் மேல வந்து படியும், ஓட ஓட ஆக்டிவிட்டி ஏறுதேன்னு சந்தோஷப்படுவீங்க. வேலை செஞ்சது பிளாட்டினம். கிராஃபைட் ராடு வைங்க.

அடுத்தது லோடிங், அதாவது டிஸ்க் மேல எவ்வளவு பிளாட்டினம் வைக்கறோம்ங்கறது, இங்கதான் கணக்கே கவுந்துடுது. 20 சதவீத பவுடர் 5 மில்லிகிராம், 5 மில்லி இங்க்ல கலந்து, 10 மைக்ரோலிட்டர் சொட்டு விட்டா 5 மில்லிமீட்டர் டிஸ்க் மேல 2 மைக்ரோகிராம் பிளாட்டினம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் சொச்சம். இதுதான் சரியான ரேஞ்ச். நல்ல கர்வ் வரணும்னு அஞ்சு மடங்கு ஏத்தி வச்சா என்ன ஆகும் பாருங்க: 0.9 வோல்ட்ல 5.4 மில்லி ஆம்பியர் வருது, லிமிட்டிங் கரண்ட் 5.8னு வச்சா கைனடிக் கரண்ட் (ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லன்னா கேட்டலிஸ்ட் குடுக்கக்கூடிய கரண்ட்) 78, அதே லிமிட்டை 5.6னு படிச்சா 151! லிமிட்டை 0.2 மாத்தி படிச்சதுக்கு ரிசல்ட் கிட்டத்தட்ட டபுள். லிமிட்ல பாதி சுமாருக்கு கரண்ட் வர்ற மாதிரி லோடிங் வச்சா இந்த பிரச்சனை கிடையாது. ஃபிலிம் ஓரத்துல மட்டும் வளையம் மாதிரி காஞ்சுதுன்னா துடைச்சுட்டு மறுபடி போடுங்க, டிஸ்கை மெதுவா சுத்தவிட்டே காய வச்சா சமமா வரும். பாட்டில் மேல 20 சதவீதம்னு இருக்குன்னு நம்பாம, நீங்களே செஞ்ச பவுடர்னா கண்டிப்பா ஐசிபில (உலோகத்தோட அளவை கண்டுபிடிக்கற கருவி) உண்மையான பிளாட்டினம் எவ்வளவுன்னு பாருங்க, ஏன்னா சிந்தசிஸ்ல போட்டதெல்லாம் கார்பன்ல ஏறாது.

சிந்தசிஸ் பக்கம் ரெண்டு விஷயம் மட்டும். பிவிபி, ஒலைல் அமீன் மாதிரி துகளை பிடிச்சு வைக்கற பொருள் மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், டிஇஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படத்துல துகள் அழகா தெரியும், ஆனா சர்ஃபேஸ் மூடியிருக்கும். அதை எடுக்கறேன்னு 500 டிகிரில வாட்டினா துகளெல்லாம் சேர்ந்து பெருசாயிடும், அதனால மிதமான சூட்டுலயும் வாஷ்லயும் பொறுமையா எடுக்கணும். இன்னொன்னு, சின்னதா ஆக ஆக நல்லதுன்னு நெனைக்கறது. 2 நானோமீட்டருக்கு கீழ போனா சர்ஃபேஸ் கூடுமே தவிர ஒவ்வொரு பிளாட்டினம் அணுவும் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமா பிடிச்சுக்கும், வேலை குறையும், சீக்கிரம் கரையவும் செய்யும்.

கடைசியா, டிஸ்க்ல வந்த நம்பரை நிஜ ஃப்யூவல் செல்லுல எதிர்பார்க்கறது. 2007ல ஸ்டாமென்கோவிச் குழு சயன்ஸ் ஜர்னல்ல பிளாட்டினம்-நிக்கல் ஒற்றைப் படிகத்துல சாதாரண பிளாட்டினம்-கார்பனை விட 90 மடங்கு ஆக்டிவிட்டி காட்டினாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ எண்முகத் துகள் வந்தாச்சு, ஆனா மெம்பிரேனோட சேர்த்து அசெம்பிளி போட்டா அந்த மடங்கெல்லாம் பெரும்பாலும் கரைஞ்சு போகுது. நிக்கல் கழண்டு நஃபியான்ல இருக்கற புரோட்டான் இடத்தை பிடிச்சுக்கும், ஐயனோமர் (நஃபியான் மாதிரி புரோட்டானை கடத்தற பாலிமர்) எல்லா துகளுக்கும் போய் சேராது, ஸ்டார்ட்-ஸ்டாப் நேரத்துல கேத்தோட் (ஆக்சிஜன் பக்கத்து எலக்ட்ரோடு) 1.5 வோல்ட் வரைக்கும் ஏறி கார்பனே எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா போகும். நிக்கல் மாதிரி உலோகம் கலந்த அலாய் பவுடர்னா அசெம்பிளிக்கு முன்னாடியே ஆசிட்ல கழுவி லூஸா இருக்கற நிக்கலை எடுத்துடுங்க, கழுவின தண்ணில நிக்கல் வர்றது நிக்கற வரைக்கும் கழுவுங்க. ஹைட்ரஜன் சிலிண்டரோட சர்டிஃபிகேட்ல கார்பன் மோனாக்சைடு எவ்வளவுன்னு படிச்சுட்டு கனெக்ட் பண்ணுங்க, 80 டிகிரில 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு) இருந்தாலே ஹைட்ரஜன் பக்கத்து ஆனோட் பிளாட்டினம் மூச்சுத் திணறும், வண்டிக்கான ஐஎஸ்ஓ 14687 ஸ்டாண்டர்டு 0.2 பிபிஎம்னு லிமிட் போட்டிருக்கறது அதனாலதான்.