பஃப் பேனல் கூரை மேல சோலார் மாட்டப் போறீங்களா? ட்ரில் எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மொட்டை மாடில பஃப் பேனல் போட்டு ரூம் எடுக்கறது இப்ப எங்க பார்த்தாலும் நடக்குது. மேலயும் கீழயும் அரை எம்எம் தகடு, நடுவுல ஃபோம், அவ்ளோதான் அந்த ஷீட். வெயில் இறங்காது, கனமும் கிடையாது, நல்ல பொருள்தான். ஆனா அது மேல சோலார் மாட்ட வர்றவங்க நிறைய பேர் சாதா தகர ஷீட்டுக்குப் பண்றதையே இங்கயும் பண்ணிட்டுப் போயிடறாங்க, அங்கதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

சோலாரைத் தாங்க வேண்டியது ஷீட் இல்லைங்க, அடியில ஓடுற பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கற குறுக்கு இரும்புச் சட்டம். 550 வாட் சோலார் பேனல் ஒண்ணு கிட்டத்தட்ட 28 கிலோ, அது உட்கார்ற ரெயிலோட (நீளமான சட்டம்) சேர்த்தாலும் சதுர மீட்டருக்கு 13, 14 கிலோதான் வரும், அந்த கனத்தை நினைச்சு யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது காத்துக்கு. ஐஎஸ் 875ங்கற இந்தியக் கட்டடத் தரவிதில சென்னைக்குக் காத்து வேகம் விநாடிக்கு 50 மீட்டர்னு போட்டிருக்கான், மணிக்கு 180 கிலோமீட்டர், கோயம்புத்தூருக்கு 39 மீட்டர். அந்த 50 மீட்டர் காத்து அடியில பூந்து தூக்குச்சுன்னா ஒரு பேனலுக்கே 300 கிலோவுக்கு மேல இழுவை வரலாம். மேல் தகட்டுல மட்டும் பிடிச்ச குட்டி ஸ்க்ரூ அதுக்கு எப்படி நிக்கும் சொல்லுங்க.

அதனால முதல் வேலை பர்லின் எங்க ஓடுதுன்னு பார்க்கறது. ஷீட்டை மாட்டின ஸ்க்ரூ தலை வரிசையா தெரியும் பாருங்க, அதுதான் பர்லின் லைன், சுண்ணாம்புக் கயிறு வச்சு அங்க கோடு அடிச்சுக்கோங்க. நடக்கறதும் அந்தக் கோட்டு மேலயேதான், ரப்பர் சோல் செருப்பு போட்டு, முடிஞ்சா பலகை போட்டு. நடுவுல கால் வச்சா தகடு ஃபோமை விட்டுப் பிரிஞ்சிடும், வெளில பார்த்தா ஒண்ணும் தெரியாது.

ஓட்டை எப்பவும் ஷீட்டுல வரி வரியா தூக்கிட்டு நிக்கற மேட்டுலதான் போடணும், தண்ணி ஓடுற பள்ளத்துல கூடவே கூடாது. 50 எம்எம் ஷீட்னா மேட்டோட உயரத்தையும் சேர்த்து 80 வரும், அதுக்கு மேல ரெயிலைப் பிடிக்கற பிராக்கெட், பர்லின் தகடு, வெளில நீட்டிட்டு நிக்க ஒரு 20 எம்எம், ஆக 110, 120 எம்எம் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்க. இறக்கும்போது கையிலயே தெரியும், தகட்டைத் தாண்டினதும் ஃபோம்ல வெண்ணெய்ல போற மாதிரி போகும், அப்புறம் பர்லின்ல முட்டி ஒரு செகண்ட் நின்னு கறகறன்னு கடிக்கும். அந்தக் கடி வரலன்னா பர்லினைத் தவற விட்டுட்டீங்கன்னு அர்த்தம், ஸ்க்ரூவைக் கழட்டி ஓட்டையை உடனே சீலன்ட் வச்சு அடைச்சிடுங்க. மேட்டுல சரியா உட்கார்ற சேடில் வாஷர் இல்லாம நேரா முறுக்கினா ஃபோம் நசுங்கி குழி விழும், குழில தண்ணி நிக்கும். கருப்பு ரப்பர் வாஷர் ஓரம் லேசா பிதுங்கற வரைக்கும் போதும், இம்பாக்ட் டிரைவரை வச்சு அமுக்கிட்டே இருந்தா வாஷர் கிழிஞ்சிடும்.

எங்க மாமா வீட்டுல இப்படித்தான், மாட்டினவங்க அவசரமா முறுக்கிட்டுப் போயிட்டாங்க, ஐப்பசி மழைல ஃபேன் பக்கத்துல சொட்ட ஆரம்பிச்சுது. நேர் மேல ஏறிப் பார்த்தா ஒரு ஓட்டையும் இல்ல. கடைசில ஏழடி மேல ஒரு வாஷர் கிழிஞ்சிருந்தது, அதுல பூந்த தண்ணி ஃபோமுக்கும் கீழ்த் தகடுக்கும் நடுவுல ஓடி ஜாயின்ட் கிடைச்ச இடத்துல இறங்கியிருக்கு. மாமா ரெண்டு மாசம் பக்கெட் வச்சுட்டு இருந்தாரு, பாவமா இருந்துச்சு.

சாய்வுக்குன்னு தனியா கால் வச்சுத் தூக்காதீங்க, நம்ம ஊருக்கு கூரையோட சாய்வே போதும், தூக்கினா காத்துக்குத்தான் பாய் விரிச்ச மாதிரி. ஆனா ஷீட்டுக்கும் பேனலுக்கும் நடுவுல 100 எம்எம் சந்து விடுங்க, செல் சூடு 25 டிகிரியைத் தாண்டினா ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் மாதிரி கரன்ட் உற்பத்தி குறையும்.

வயர் விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு சமரசம் பண்ணிக்காதீங்க. ஃபோம் தீப்பிடிக்கற சாமான், சோலார் பேனல்ல இருந்து வர்ற டிசி வயரை அதுக்குள்ள ஓட்டை போட்டு இறக்கவே கூடாது, கூரை ஓரமா பைப்ல கொண்டு வாங்க. வயரை வயரோட இணைக்கற கனெக்டர் ஷீட்டுல படுக்காம ரெயில்ல கட்டுங்க, ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டரா இருக்கணும். எர்த்துக்கு வர்ற காப்பர் வயரும் தகட்டைத் தொடக் கூடாது, தொட்ட இடம் அரிச்சிடும்.

ட்ரில் பண்ண இரும்புத் தூளை அன்னிக்கே பெருக்கிடுங்க, ஒரு ராத்திரி பனில கிடந்தாலே துரு பிடிச்சு பெயின்ட்டுக்குள்ள இறங்கிடும். அப்புறம் பேனலை ரெயில் மேல ஏத்தறதுக்கு முன்னாடி ஓஸ் பைப்பைப் பிடிச்சு ஒவ்வொரு லைனுக்கும் பத்து நிமிஷம் தண்ணி விடுங்க, கீழ ஒரு ஆளை டார்ச்சோட நிக்க வச்சு ஜாயின்ட் ஜாயின்ட்டா பார்க்கச் சொல்லுங்க.