படத்தில் இருப்பது மைட்டாசிஸா, மியாசிஸா?

செல் பிரிதல் படத்தைப் பார்த்ததும் குரோமோசோம்களை எண்ணத் தொடங்காதீர்கள். ஏதாவது ஒரு குரோமோசோமை எடுத்து, அதன் இரண்டு குரோமாட்டிடுகளிலும் (ஒட்டியிருக்கும் இரட்டை நகல்கள்) கதிர்கோல் இழை (அவற்றைப் பிடித்து இழுக்கும் இழை) எந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். செல்லின் எதிரெதிர் துருவங்களிலிருந்து (முனைகளிலிருந்து) வந்தால் மைட்டாசிஸ், அதாவது ஒரே மாதிரி இரு செல்கள் தரும் பிரிவு (மியாசிஸ் 2 மட்டும் விதிவிலக்கு). இரண்டுக்கும் ஒரே துருவத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் மியாசிஸ் 1, அதாவது இனப்பெருக்கச் செல்களுக்கான மியாசிஸின் முதல் பிரிவு.

ஒவ்வொரு குரோமாட்டிடின் சென்ட்ரோமியரிலும் (இரு குரோமாட்டிடுகளும் இணைந்திருக்கும் இடம்) கைனட்டோகோர் என்ற புரத அமைப்பு இருக்கிறது. இழை பிடிப்பது அதைத்தான். மைட்டாசிஸில் இரு கைனட்டோகோர்களும் முதுகு காட்டி நிற்பதால் இருபுறமும் இழுபடுகின்றன. அந்த இழுவிசைதான் பிடிப்பை உறுதியாக்குகிறது. தவறாக ஒட்டிய இழையில் விசை இருக்காது, அரோரா பி என்ற நொதி அதைக் கழற்றிவிடும். மியாசிஸ் 1-இல் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பியிருக்கும். எதிர்ப்பக்கம் இழுபடுவது இணைக் குரோமோசோம் (மற்ற பெற்றோரிடமிருந்து வந்த அதன் ஜோடி).

மியாசிஸ் 2-உம் மைட்டாசிஸ் போலவே தெரியும், அங்கே எண்ணித்தான் ஆகவேண்டும். இழை ஒட்டாத புரோஃபேஸ் (தொடக்க நிலை) படத்திலும், குரோமாட்டிடுகள் பிரிந்துவிட்ட அனாஃபேஸிலும் (பிந்தைய நிலை) இந்த முறை உதவாது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவையும் விட்டுவிடுங்கள்: அதில் குரோமோசோமின் நீளம் முழுக்க இழைகள் ஒட்டும்.