தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை எங்கே கொடுப்பது? வடசென்னைக்காரர்களுக்கு

வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ, நம் வாசலில் எடுக்கிற குப்பை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் அந்தப் புகை நம் ஜன்னலுக்கே திரும்பி வரும். அதனால் ரிமோட்டில் கழற்றிய இரண்டு பென்சில் பேட்டரியைக் காய்கறித் தோலோடு சேர்த்துப் போடாதீர்கள்.

காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, அதில் சேர்த்து வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும், தகர டப்பா வேண்டாம். தீர்ந்தது என்று நாம் கழற்றுகிற கட்டையிலும் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும், முனைகள் ஒன்றோடொன்று உரசினால் சூடேறும். 9 வோல்ட் பேட்டரி, பட்டன் செல், லித்தியம் வகைகளுக்கு இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். பட்டன் செல்லைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் சுவர்க் கடிகாரம் நின்றுபோய், நாங்கள் கவனிக்காமல் விட்டு, ஒருநாள் திறந்து பார்த்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆல்கலைன் கட்டை கசிந்தால் இப்படித்தான். அது தோலை அரிக்கிற காரம், வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

சரி, பாட்டில் நிறைந்தது, யாரிடம் கொடுப்பது? காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் தனிக் கவரில், "இது பேட்டரி" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர்தான். அவர் வாங்காவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள், அல்லது வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். போன், லேப்டாப் பேட்டரியை அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் 2001 பேட்டரி விதிகள் ஈய பேட்டரியை மட்டும்தான் பேசின, 2022 ஆகஸ்டில் வந்த விதிகளோ எல்லா வகை பேட்டரியையும் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பவர் மேலேயே போட்டிருக்கின்றன, அதனால் தயங்காமல் கேட்கலாம். உப்பிய போன் பேட்டரி என்றால் காத்திருக்கவே கூடாது. சார்ஜ் போடாமல், குத்தாமல், மண் நிரப்பிய சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. காயலாங்கடையில் கூடுதலாக நூறு இருநூறு தருவார்கள் என்று போடாதீர்கள். அங்கிருந்து அது யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்துக்குப் போய், ஆசிட் சாக்கடையிலும் ஈயம் அடுப்பிலும் போகலாம், அந்த ஈயப் புகை சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்காகக் கழித்த தொகையை பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆட்டோவில் ஏற்றும்போது சாய்க்காமல், நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டுங்கள்.