‘ஃபாரன்ஹீட் 451’ பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ மெலிந்த நாவல், இரண்டு நாளில் முடித்துவிடலாம். அதே வேகத்தில் வாசிப்புக் குறிப்பும் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் தொடக்கம் இப்படி இருக்கும்: “புத்தகங்களை அரசு தடைசெய்துவிட்ட ஒரு காலம்...” சறுக்கல் இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

தடை இருப்பது உண்மைதான். தீயணைப்புத் துறை வீடு புகுந்து புத்தகங்களைக் கொளுத்துகிறது, நாயகன் மான்டாக் அந்த வேலையில்தான் இருக்கிறான். ஆனால் தடை எங்கிருந்து வந்தது என்பதை நாவலே சொல்கிறது. முதல் பாகத்தின் பிற்பகுதியில், உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கும் மான்டாகைப் பார்க்க அவன் மேலதிகாரி கேப்டன் பீட்டி வீட்டுக்கு வருகிறார். பைப்பைப் புகைத்தபடி நீளமாகப் பேசுகிறார். மான்டாகின் தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம் ஒளிந்திருக்கிறது. மனைவி மில்ட்ரெட் தலையணையைச் சரிசெய்யப் போய் அதைத் தொட்டுவிடுகிறாள். அந்தப் பதற்றத்தில் நாம் பேச்சைக் கோட்டைவிடுகிறோம்.

பேச்சின் சாரம் இதுதான்: இது அரசு உத்தரவில் தொடங்கியதல்ல. செவ்விலக்கியங்களைப் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள். அது இரண்டு நிமிடத்தில் படிக்கிற பத்தியானது, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாகத் தேய்ந்தது. நடுவே ஒவ்வொரு கூட்டமும் தன் மனம் புண்பட்டதாகச் சொல்ல, ஒவ்வொரு பக்கமாக வெட்டினார்கள். தீயணைப்பு வீரர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். இரண்டாம் பாகத்தில், பீட்டிக்கு நேரெதிர் அணியில் நிற்கும் பேராசிரியர் ஃபேபரும் இதையே சொல்கிறார்: மக்கள் தாங்களாகவே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். எதிரிகள் இருவர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. எழுத உட்காரும் முன் இந்த இரு இடங்களையும் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒப்பிடக் கூடாது என்றில்லை, ஆனால் வித்தியாசத்தைச் சொல்லாமல் ஒப்பிட்டால் இரண்டுமே மங்கிப்போகும். யாழ்ப்பாணத்தில் எரிந்தது ஒரு சமூகம் கட்டிக் காத்து அன்றாடம் பயன்படுத்திய நூலகம். நாவலில் எரிவது அந்த ஊர்க்காரர்களே தேவையில்லை என்று கைவிட்டவை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது 1933-இல் நாஜிகள் நடத்திய எரிப்பு. பிராட்பரியின் மனத்தைச் சிறுவயதிலேயே உலுக்கியதும் அதுதான்.

அடுத்தது, கணிப்புகளை எண்ணிக்கொண்டே போவது. சுவர் அளவு டிவியை 1953-லேயே சொன்னார், காதுக்குள் செருகும் ஒலிக்கருவியைச் சொன்னார் என்று பட்டியல் போட்டால் அது ஜோசியருக்குத் தரும் சான்றிதழாகிவிடும், வாசிப்பாகாது. கருவி ஆளை என்ன செய்கிறது என்று பாருங்கள். பத்து வருடமாக அந்தக் காதுக்கருவியை மாட்டியே பழகிய மில்ட்ரெட், உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதில் தேர்ந்துவிடுகிறாள். கணவனின் குரல் அவளுக்குத் தேவைப்படவில்லை. மூன்று சுவரில் டிவி ஓடுகிறது, நாலாவதும் வேண்டும் என்கிறாள். விலை 2,000 டாலர், அதாவது மான்டாகின் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. “அவ்வளவுதானே” என்பது அவள் தொனி.

பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸின் முடிவில் சினிமா வந்து குழப்பும். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இந்த நாவலை வைத்து எடுத்த 1966 படத்தில் அவள் பிழைத்திருக்கிறாள். அவளாகவும் மனைவியாகவும் ஜூலி கிறிஸ்டி ஒருவரே நடித்தார், நாவலில் வரும் இயந்திர வேட்டை நாய் அதில் கிடையாது. 2018 படத்தில் மான்டாகுக்கு மனைவியே இல்லை. நாவலில் கிளாரிஸ் சட்டென்று காணாமல் போகிறாள். கார் அடித்துவிட்டது, செத்திருப்பாள் என்று நினைக்கிறேன், நாலு நாள் ஆகிறது, சொல்ல மறந்துவிட்டேன் என்கிறாள் மில்ட்ரெட், இரவில், படுக்கையில். நாவலில் இதைவிடக் குரூரமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. படம் பார்த்த ஞாபகத்தில் எழுதினால் இதுதான் விட்டுப்போகும்.

பீட்டியை வெறும் வில்லனாக எழுதுவதும் நடக்கிறது. அவர் வாயைத் திறந்தாலே மேற்கோள், அத்தனையும் படித்த மனுஷன். தீ உமிழும் குழாயை மான்டாக் தன் பக்கம் திருப்பிய பிறகும் ஷேக்ஸ்பியரைச் சொல்லிச் சீண்டுகிறார். அவரை எரித்துக் கொன்ற பிறகுதான், பீட்டி சாக விரும்பினார் என்பது மான்டாகுக்கு உறைக்கிறது.

சில சின்னச் சரிபார்ப்புகள். ஒரு பண்பாட்டை அழிக்கப் புத்தகங்களை எரிக்க வேண்டியதில்லை, வாசிப்பை நிறுத்த வைத்தால் போதும் என்று பிராட்பரி பெயரில் சுற்றும் வாசகம் இந்த நாவலில் இல்லை, நாவலின் வரியாகப் போடாதீர்கள். தாள் தீப்பிடிக்கும் வெப்பம் என்று நாவல் சொல்லும், தலைப்பில் உள்ள 451 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறத்தாழ 233 டிகிரி செல்சியஸ். அலகு இல்லாமல் “451 டிகிரி” என்று எழுதினால் இரு மடங்கு சூடாகிவிடும். தாளின் தடிமன், ஈரம், சூடு படும் நேரம் இவற்றைப் பொறுத்துத் தீப்பிடிக்கும் வெப்பம் மாறும் என்பதால், அதை அறிவியல் மாறிலியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பிரதி என்றால் பதிப்பைப் பாருங்கள். பள்ளி மாணவர்களுக்காக பாலன்டைன் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த பதிப்பில் 75 இடங்கள்போல மாற்றப்பட்டிருந்தன. குடிகாரர் நோயாளியாகிவிட்டார், தொப்புளைச் சுத்தம் செய்வது காதைச் சுத்தம் செய்வதாயிற்று. தணிக்கை பற்றிய புத்தகத்துக்கே இந்தக் கதி. மாணவர்கள் கடிதம் எழுதித்தான் பிராட்பரிக்கே தெரியவந்தது. பிறகு மூலப் பிரதி மீட்கப்பட்டது.

ஆசிரியர் பேட்டியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதிலும் கவனம் தேவை. 1950-களில், அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டு வேட்டை நடத்திய காலத்து அச்சத்தைக் காரணமாகச் சொன்ன பிராட்பரி, 2007-இல் இது அரசுத் தணிக்கை பற்றியதல்ல, தொலைக்காட்சி பற்றியது என்றார். ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டினால் மற்றதை மறைத்ததாகிவிடும்.

கடைசிப் பகுதியில், தப்பி ஓடும் மான்டாக் போய்ச் சேரும் காட்டில் இருப்பவர்கள் புத்தகங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று எழுதுவது அப்பட்டமான பிழை. நாங்களும் புத்தகம் எரிப்பவர்கள்தான் என்கிறார் அவர்களின் தலைவர் கிரேஞ்சர். பிடிபடாமலிருக்க, படித்து மனப்பாடம் செய்ததும் கொளுத்திவிடுகிறார்கள். மான்டாகின் பங்கு விவிலியத்தின் பிரசங்கி நூல். அதையும் ஏற்கெனவே ஹாரிஸ் என்ற ஒருவர் சுமந்துகொண்டிருக்கிறார், அவருக்கு ஏதாவது ஆனால்தான் இவன் முறை வரும். அவர்களிடம் வந்து சேர்ந்தபோது மான்டாக் முதலில் கண்டதும் நெருப்பைத்தான். எரிக்காமல் குளிர்காய வைத்திருந்த நெருப்பு. அப்படி ஒன்று உண்டு என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது.