பழைய டீசல் வேன் வாங்கியாச்சா? மொத மாசமே இதெல்லாம் பண்ணிடுங்க

"இப்பதாம்பா ஃபுல் சர்வீஸ் பண்ணேன், ஒரு வருஷத்துக்கு பானட்டயே தொறக்க வேணாம்." பழைய வண்டி விக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே வாத்தியார் பாடம் எடுத்தாரான்னு தெரியல, அத்தன பேரும் இதையே தான் சொல்றாங்க. நானும் நம்புனேன். தண்டையார்பேட்டைல சேர், ஷாமியானா வாடகைக்கு விட்றோம், லோடு அடிக்க ஒரு பழைய வேன் எடுத்தேன், வாங்கி மூணாவது வாரம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல முன்னாடி ஒரு கன்டெய்னர் பின்னாடி ஒரு கன்டெய்னர், நடுவுல நம்மாளு பிக்கப் இல்லாம முக்கி முக்கி நின்னுட்டாரு. டீசல் ஃபில்டர கழட்டி ஒரு காலி வாட்டர் பாட்டில்ல ஊத்தி பாத்தா, அடில கால் பாட்டில் தண்ணி. எஞ்சினுக்குள்ள டீசல தெளிக்கிற நாசில்ல ரெண்டு காலி. செம பேஜாரு.

அதனால மொதல்ல ஒண்ணு: வித்தவரு சொன்ன சர்வீஸ் கணக்கு எதுவும் உங்க கணக்குல வராது. எல்லாத்தையும் உங்க துட்டுல, உங்க கண்ணு முன்னாடி மாத்திட்டு, அன்னைக்கு ஓடோமீட்டர்ல என்ன கிலோமீட்டர் காட்டுதோ அத ஒரு சின்ன நோட்ல எழுதி டேஷ்போர்டுல போடுங்க. வண்டி வாங்கும்போதே இதுக்குன்னு கொஞ்சம் பணம் தனியா எடுத்து வெச்சிடணும், கைல இருக்கறதெல்லாம் வண்டிக்கே குடுத்துட்டு வர்றவங்க தான் அப்புறம் மாட்டிக்கறாங்க.

டீசல்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா சிஆர்டிஐ எஞ்சின்ல, அதாவது ரொம்ப அதிக பிரஷர்ல டீசல தெளிக்கிற இந்த காலத்து டீசல் எஞ்சின்ல, உயிரே அங்க தான் இருக்கு. கார் டயர்ல காத்து சுமார் 2 பார் தான், இந்த எஞ்சின்ல நாசிலுக்கு போற டீசல் 1000 பாருக்கும் மேல. அவ்ளோ பிரஷர்ல வேல செய்ற பம்புக்கும் நாசிலுக்கும் வழுவழுப்பு குடுக்கறதே அந்த டீசல் தான், அதுல தண்ணி கலந்தா வழுவழுப்பு போய் உள்ள துரு புடிச்சு தேஞ்சிடும். வாங்குன வாரமே டீசல் ஃபில்டர மாத்திடுங்க. நல்ல பிராண்டா போடுங்க, நூறு எரநூறு மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல. புது ஃபில்டருக்குள்ள கேன்ல இருந்து டீசல் ஊத்தி மாட்ற பழக்கம் நம்ம மெக்கானிக்குங்க நெறைய பேருக்கு உண்டு, வேணாம்னு சொல்லுங்க, வடிகட்டாத டீசல் நேரா பம்புக்கு போகும். ஃபில்டர் பக்கத்துல கை பம்பு இருந்தா அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கி ஏர் எடுத்துட்டு அப்புறம் செல்ஃப் அடிச்சா போதும். இன்னொண்ணு, எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்ப லூஸ் பண்ணி பாக்கறது பழைய எஞ்சின் காலத்து வேல, சிஆர்டிஐல அப்படி பண்ணா டீசல் பீச்சி தோல கிழிச்சு உள்ள போயிடும், ஆஸ்பத்திரி கேஸ்.

ஃபில்டர் அடில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும். நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வடிச்சு பாட்டில்ல புடிச்சு பாப்பேன், ராத்திரி முழுக்க நின்ன வண்டில தண்ணி அடில தங்கி இருக்கும். டேங்கயும் எப்பவும் காலியா ஓட்டாதீங்க, பழைய டேங்க் அடில கசடு இருக்கும், ரிசர்வ்ல ஓட்டுனா ஏரும் சேந்து இழுக்கும்.

அடுத்து ஆயில். டீசல் எஞ்சின்ல புது ஆயில் ஊத்துன கொஞ்ச நாள்லயே கறுப்பாயிடும், அத பாத்து பயப்பட வேணாம். டிப் ஸ்டிக்ல பாக்க வேண்டியது வேற. பால் ஊத்துன டீ கலர்ல இருந்தா கூலண்ட் உள்ள எறங்குது. லெவல் ஏறிக்கிட்டே போனா ஆயில்ல டீசல் கலக்குது. எறங்கிக்கிட்டே போய் சைலன்சர்ல நீலமா பொக வந்தா எஞ்சின் ஆயில் குடிக்குதுன்னு அர்த்தம். மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு ஆயில் ஊத்தி, ஃபில்டரோட மாத்துங்க, மறுபடி 1000, 1500 கிலோமீட்டர்லயே இன்னொரு வாட்டி மாத்துங்க. புது ஆயில் உள்ள ஒட்டியிருக்கற பழைய கசட கரைச்சு எடுத்துட்டு வரும், அத வெளிய தள்ளத்தான் இந்த ரெண்டாவது வாட்டி. சில பேர் மண்ணெண்ணெய் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டு கழுவலாம்னு சொல்வாங்க. அந்த கொஞ்ச நேரத்துல பேரிங்குக்கு ஆயில் படலமே இருக்காது, மெய்யாலுமே சொல்றேன், விடாதீங்க.

ஆயில் ஊத்துற மூடிய எஞ்சின் ஓடும்போது தொறந்து வெச்சு பாருங்க. லேசா ஆவி வந்தா பரவால்ல, ரயில் எஞ்சின் மாதிரி குப்பு குப்புனு தள்ளுனா பிஸ்டன சுத்தி இருக்கற ரிங்கு தேஞ்சு போச்சு, பெரிய செலவு ஒண்ணு வரிசைல நிக்குது.

இப்ப சூடு. ரேடியேட்டர்ல நம்ம ஏரியா போர் தண்ணிய ஊத்தாதீங்க. கடல் பக்கம், உப்பு தண்ணி, ரேடியேட்டர்லயும் எஞ்சின் மேல்பாகமான ஹெட்லயும் உப்பு படிஞ்சு அடைச்சிக்கும். உள்ள இருக்கறத மொத்தமா எறக்கிட்டு கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, ரேடியேட்டர் மூடியும் புதுசு போட்டுடுங்க, பிரஷர் புடிக்காத பழைய மூடியாலயே நெறைய வண்டி கொதிக்குது. வண்டி சூடா இருக்கறப்ப மட்டும் அந்த மூடிய தொடாதீங்க.

அப்புறம் இந்த தெர்மோஸ்டாட் விஷயம், எஞ்சின் சூடாகற வரைக்கும் கூலண்ட்ட ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வெக்கிற வால்வு. "மெட்ராஸ் வெயிலுக்கு அது எதுக்குண்ணே"ன்னு கழட்டி தூக்கி போட்ற ஆளுங்க இருக்காங்க, என் வேன்லயும் யாரோ ஏற்கனவே கழட்டியிருந்தாங்க. அது இல்லாட்டி எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் அதிகமா குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். திரும்ப வாங்கி மாட்டினேன், மைலேஜ் கூடுனது எனக்கே தெரிஞ்சுது. ஓட்டும்போது டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுன்னா "வீட்டுக்கு போயிட்லாம், மூலக்கடை தாண்டிட்டா போதும்"னு இழுக்காதீங்க. அந்த ரெண்டு கிலோமீட்டர்ல தான் ஹெட்டுக்கு அடில சீல் பண்ற ஹெட் கேஸ்கட் போகும்.

மணலி, எண்ணூர் பக்கம் ஓட்றீங்கன்னா ஏர் ஃபில்டர மேனுவல் சொல்ற கணக்குக்கு பாதிலயே பாத்துடுங்க, லாரி புழுதி அப்படி. கறுப்பு பொக வந்தா மொதல்ல இத பாருங்க, அப்புறம் நாசிலுக்கு போலாம்.

வால்வ பிஸ்டனோட சேத்து கணக்கா ஓட வெக்கிறது டைமிங் பெல்ட்டா செயினான்னு கேட்டு தெரிஞ்சிக்கோங்க. பெல்ட்டுன்னா, எப்ப மாத்துனாங்கன்னு பில் இல்லாட்டி உடனே அத இறுக்கி புடிக்கிற டென்ஷனரோட மாத்துங்க. அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதி எஞ்சினே காலி.

டர்போ வண்டியா இருந்தா ஸ்டார்ட் பண்ண உடனே முறுக்காதீங்க, லோடு இழுத்துட்டு வந்து நிறுத்தும்போதும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா சைலன்சர்ல பொகைல இருக்கற கரிய புடிக்கிற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், பேசின் பிரிட்ஜ் டிராஃபிக்லயே ஊந்துக்கிட்டு இருந்தா அது கரி புடிச்சு அடைச்சிக்கும். அப்பப்ப கொல்கத்தா ஹைவேல கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரே வேகத்துல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க. ஆயிலும் டிபிஎஃப்புக்கு ஏத்ததா தான் ஊத்தணும்.

கடைசியா மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல முழுகுன வண்டிங்க தொடச்சு பாலிஷ் போட்டு விலைக்கு வந்திருக்கலாம், அதனால ஏர் ஃபில்டர் டப்பா உள்ளயும் சீட் பெல்ட்ட முழுசா இழுத்து அது அடியிலயும் சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க. கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா முன்னாடி போறவன் போயிட்டானேன்னு எறக்காதீங்க, அவன் வண்டில ஏர் இழுக்கற வாய் எந்த உயரத்துல இருக்கோ. அப்படியும் தண்ணில ஆஃப் ஆயிடுச்சுன்னா செல்ஃப மட்டும் அடிக்காதீங்க, சிலிண்டர்ல பூந்த தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நாலு பேர கூப்ட்டு தள்ளி மேட்ல ஏத்திட்டு, பேட்டரி ஒயர கழட்டிட்டு, மெக்கானிக்குக்கு போன் போடுங்க.