கரை மறைந்த பின் படகின் இடத்தைக் கணிக்கும் முறை

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் கப்பல் வேலைக்குப் போக விரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள், கடலைக் காணும் முன்பே இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். ஜிபிஎஸ் நின்றுபோய், கரையும் தெரியாத நிலையில், கடைசியாக உறுதியாக அறிந்த இடத்திலிருந்து எத்திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்பதைக் கொண்டு இப்போதைய இடத்தைக் குறிப்பதே இம்முறை.

வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டு போதும். அதைப் படகுக்குச் சற்று முன்னால் வீசி, முன்முனையைக் கடக்கும் கணம் முதல் பின்முனையை அடையும் வரை நொடிகளை எண்ணுங்கள். படகின் நீளம் 9 மீட்டர், எடுத்த நேரம் மூன்றரை நொடி எனில், நீளத்தை நொடியால் வகுத்து 1.94 ஆல் பெருக்க 5 நாட் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். அரை நொடி பிசகினாலும் விடை முக்கால் நாட் அளவுக்கு மாறிவிடும். ஆகவே ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

திசைகாட்டியை இன்ஜினிலிருந்தும் இரும்பிலிருந்தும் விலக்கியே வையுங்கள். திசையோ வேகமோ மாறும் ஒவ்வொரு முறையும் மணியைக் குறித்தே ஆக வேண்டும். நினைவை நம்பக் கூடாது.

காலை 6 மணிக்குப் புறப்பட்டு, 5 நாட் வேகத்தில் நேர் கிழக்கே (வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 90 பாகை) 2 மணி நேரம், பிறகு 30 பாகையில் ஒன்றரை மணி நேரம் சென்றதாகக் கொள்வோம். வரைபடத்தில் முதலில் 10, அடுத்து 7.5 கடல் மைல் நீளத்துக்குக் கோடு இழுங்கள். அட்சரேகையின் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல் என்பதால், வரைபடத்தின் பக்கவாட்டு அளவுகோலிலேயே தூரத்தை அளக்க வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து கிழக்கே 13.75, வடக்கே 6.5 கடல் மைலில் படகு இருக்கும்.

ஆனால் நீரோட்டம் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. ஒகேனக்கல்லில் பரிசலை அக்கரை சேர்ப்பவர், முதலில் கரையோரமாக மேல்நோக்கிச் சென்ற பிறகே குறுக்கே திருப்புவார்; ஆறு தன்னைக் கீழே இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். சோழமண்டலக் கரையோரம் பங்குனி, சித்திரையில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கேயும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கேயும் ஓடும். மேற்சொன்ன மூன்றரை மணி நேரத்தில் 1 நாட் நீரோட்டம் வடக்கே தள்ளியிருந்தால், படகு 6.5 அல்ல, 10 கடல் மைல் வடக்கே இருக்கும். வேறுபாடு ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். எனவே புள்ளியைச் சுற்றி, படகு இருக்கக்கூடிய பரப்பைக் காட்டும் ஒரு வட்டமும் வரைந்து, மணிக்கு மணி அதைப் பெரிதாக்கி வாருங்கள். அடையாளம் தெரிந்த கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டு இடம் உறுதியானதும், கணக்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

கேழ்வரகு அறுத்த கொல்லையில் இதைப் பழகலாம். ஒரு குச்சியை நட்டு, 90 பாகையில் 100 தப்படியும், 30 பாகையில் 75 தப்படியும் நடந்து, அதையே கட்டத்தாளில் வரையுங்கள். நிற்கும் இடத்திலிருந்து குச்சி 245 பாகையில், 152 தப்படியில் இருப்பதாகத் தாள் காட்டும். தலை நிமிராமல், திசைகாட்டியை மட்டும் பார்த்து அவ்வளவு தூரம் நடந்து நில்லுங்கள். காலுக்கும் குச்சிக்கும் இடையே உள்ள தூரமே உங்கள் பிழை.